முதலையை இறக்க மறுத்தவர்

பிள்ளைகள் பைத்தியமாகப் படித்த ஐந்து பாக மாயக்கதை ஒன்றை வெப் சீரிஸாக எடுத்துக்கொண்டிருந்தோம். திரைக்கதை என்னுடையது. கதையின் நாயகன் ஒரு பறக்கும் முதலை. எர்ணாவூரில் மூடிக்கிடந்த ஒரு தொழிற்சாலை வளாகத்தில், ரப்பரில் செய்த அந்த முதலையைக் கிரேனில் தொங்கவிட்டோம்.

கிரேன் ஓட்ட வந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். தடித்த கண்ணாடி, தலையில் ஈரத்துண்டு. எதைத் தூக்கினாலும் அதோடு மரியாதையாகப் பேசுவார். முதலையிடமும், "மெதுவா வாங்க" என்றுதான் சொன்னார்.

முதலை தரையிறங்க வேண்டிய காட்சியில் கிரேன் அசையவில்லை. இயக்குநர் வாக்கிடாக்கியில் கத்தினார்.

"எறக்க முடியாது சார்" என்றார் கிரேன்காரர் மேலிருந்து. "தொலைஞ்சுபோன அதோட முட்டை கெடைக்கிற வரிக்கும் தரையில கால் வெக்க மாட்டேன்னு அது சத்தியம் பண்ணிகீது. ரெண்டாம் பாகத்துல கீது, பாருங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் முதல் பாகத்தை மட்டுமே படித்திருந்தேன். மற்றதைத் தயாரிப்பாளர் சொல்லக் கேட்டு எழுதியிருந்தேன். ஒரு மணி நேரம் முதலை அந்தரத்தில் ஆடியது. கடைசியில் இயக்குநர் தோற்றுப்போய், கதாநாயகியை மொட்டை மாடிக்கு ஏற்றி அங்கிருந்தே முதலையோடு பேசவைத்தார்.

மாலையில் கீழே இறங்கியவர் என்னிடம் வந்து தயங்கி நின்றார்.

"நைனா, கடைசி பாகத்துக்கு வேற ஆள பாத்துக்கோ. என் கையால அத்த சாவடிக்க மாட்டேன்."

முதலை சாகும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. சரியென்று தலையாட்டினேன். மறுநாளே ஐந்தாம் பாகத்தை வாங்கிவிட்டேன். அதன் கடைசி அத்தியாயத்தைத் திறக்க இன்னும் மனம் வரவில்லை.