ட்ராம் பார்க்கப் போன பை

என் தாய்மாமன் சுவிஸில் ட்ராம் ஓட்டுகிறார். இந்த ஒரு வரியை எங்கள் ஊரான மல்லாவியில் ஒருவருக்கு விளங்கப்படுத்த நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஐந்தாம் வகுப்பில் பெருமையாகச் சொல்லப்போக, அது என்ன சாமான் என்று எல்லாரும் கேட்டார்கள். றோட்டிலேயே தண்டவாளம் போட்டு ஓடுவது என்று மாமா தொலைபேசியில் சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். றோட்டில் தண்டவாளம் போட்டால் சைக்கிளில் போகிறவன் எங்கே போவான் என்று கடைசி வாங்கில் இருந்த ஒருவன் கேட்டான்.  அன்றிலிருந்து வகுப்பில் யார் எதைப் புளுகினாலும் அதற்கு 'ட்ராம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

இந்த நிலைமையில்தான் கொழும்பில் ஒரு அரசாங்கக் கந்தோரில் அலுவல் வந்தது. அப்பாவும் அம்மாவும் என்னையும் கூட்டிக்கொண்டு போவதாக இருந்தது. செய்தி கேட்ட மாமா இன்னொரு புதினம் சொன்னார். அந்தக் காலத்தில் கொழும்பிலும் ட்ராம் ஓடியதாம். பழைய கொட்டகை ஒன்றில் இரண்டு மூன்று வண்டிகளைத் துடைத்து வைத்து நூதனசாலை நடத்துகிறார்களாம். பிள்ளையைக் கொண்டுபோய்க் காட்டச் சொன்னார். சந்தோசத்தில் நான் மூன்று நாள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. சாரதி நிற்கிற இடத்தில் நின்று ஒரு படம் எடுத்து வகுப்பில் காட்டிவிட்டால் போன மானம் திரும்பிவிடும். எனக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு படம்தான்.

இந்த இடத்தில் அம்மாவின் பையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மண்ணிற றெக்சின் பை. வார் இரண்டு தரம் அறுந்து தைக்கப்பட்டது. உள்ளே பொலித்தீன் உறைகளில் பிறப்புச் சான்றிதழ்கள், காணிப் பெர்மிட், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம், சண்டை முடிய எங்களை வைத்திருந்த செட்டிகுளத்து முகாமில் தந்த துண்டுகள், என் தேர்ச்சி அறிக்கை எல்லாம் இருக்கும். எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் இப்படி ஒரு பை இருந்தது. மற்ற வீடுகளில் அது அலுமாரிக்குள் இருந்தது. எங்கள் வீட்டில் அம்மாவின் தோளில் இருந்தது. கோயிலைச் சுற்றிக் கும்பிடும்போதும் அவரோடு அதுவும் சுற்றி வரும். செத்த வீட்டில் ஒருவரை அம்மா கட்டிப்பிடித்து அழுதால் இருவருக்கும் நடுவில் பை இருக்கும்.

சந்தைக்குப் போனாலும் திருவிழாவுக்குப் போனாலும் அம்மாவின் இரண்டு கைகளும் பையில்தான். என் கையைப் பிடித்துக்கொண்டு நடப்பது எப்போதும் அப்பா. மற்றப் பிள்ளைகள் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு போவதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருநாள் பொறுக்க மாட்டாமல், அந்தப் பையையும் நீங்களோ பெத்தனீங்கள் என்று கேட்டேவிட்டேன். அம்மா வாரைத் தோளில் சரியாக இழுத்துவிட்டுக்கொண்டார்.

கொழும்பில் கந்தோர் அலுவல் முடிய மூன்று மணி தாண்டிவிட்டது. நூதனசாலை நாலரைக்குப் பூட்டுவார்கள். நான் அப்பாவை இழுத்துக்கொண்டு ஓடாத குறையாகப் போய்ச் சேர்ந்தபோது நாலு மணியாக ஐந்து நிமிடம் இருந்தது. வாசலில் ஒரு மேசை. மேசைக்குப் பின்னால் வயதான ஒரு சிங்களவர். அவருக்குப் பின்னால் பைகளை வைக்கிற மரத்தட்டு. அவர் எங்களைப் பார்த்துச் சிரித்து, தனக்குத் தெரிந்த தமிழில், பையைத் தந்துவிட்டு உள்ளே போகச் சொன்னார்.

வாசலில் மேசை, மேசைக்குப் பின்னால் ஆள், ஆள் பையைக் கேட்கிறார். முகாமிலும் சோதனைச் சாவடியிலும் அதுவரை எங்களுக்குத் தெரிந்த வாசல்கள் எல்லாம் அப்படித்தான் இருந்தன. அம்மா ஒரு கணமும் யோசிக்கவில்லை. என்னையும் அப்பாவையும் வரிசையில் நிறுத்திவிட்டுப் பையைத் திறந்தார். இரண்டு அடையாள அட்டைகளையும் மேசையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார். அதற்குக் கீழே குடும்ப அட்டை. அதற்குக் கீழே என் பிறப்புச் சான்றிதழ்.

"நாங்கள் மல்லாவி. இவர் என்ர மனுசன். இது மகள்," என்றார்.

அந்த மனிதர் அட்டைகளைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். என்ன செய்வதென்று தெரியாமல் மூன்று டிக்கெட்டைக் கிழித்து எங்கள் அட்டைகளுக்குப் பக்கத்தில் பவ்வியமாக வைத்தார். பின்னால் நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

எடுத்ததை எல்லாம் திரும்ப உறையில் போட்டு, உறையை மடித்து, சிப்பை இழுத்துப் பூட்டப் பத்து நிமிடம் போனது. அதற்குப் பிறகாவது பை தட்டுக்குப் போனதா என்றால் அதுவும் இல்லை. உள்ளே பழைய மரவேலை, பைகள் உரசும், அதனால்தான் இந்தச் சட்டம் என்று அந்த மனிதர் பொறுமையாகச் சொன்னார். இதற்குள் வெறும் கடதாசிதான் இருக்கிறது என்றார் அம்மா. வெறும் கடதாசி என்றால் வைத்துவிட்டுப் போகலாமே என்றார் அவர்.

"கடதாசி எண்டபடியாத்தான் வைக்கேலாது," என்றார் அம்மா.

  சுவரில் மணிக்கூடு நாலு பத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது. கடைசியில் அம்மா, நீங்கள் இரண்டு பேரும் போங்கோ, நான் இதிலே நிற்கிறேன் என்றார். மூன்று டிக்கெட் எடுத்திருக்கிறோம். சுவிஸில் ட்ராம் ஓட்டுகிறவர் அம்மாவின் சொந்தத் தம்பி. அம்மாவுக்கு அதைப் பார்க்கும் ஆசை இல்லை, பைதான் பெரிது. எனக்கு வந்த ஆத்திரத்தில் ஒரு காரியம் செய்தேன். பையை அம்மாவின் தோளில் இருந்து பிடுங்கி, என்னைப் பிடித்திருந்த கை போக மிச்சமிருந்த அப்பாவின் மற்றக் கையில் திணித்தேன். அப்பா வைச்சிருக்கட்டும், நீங்கள் வாங்கோ என்றேன்.

கன்னத்தில் விழுந்த அடி கொட்டகை முழுக்கக் கேட்டிருக்கும். அம்மா என்னை அடித்தது அதுதான் முதல் தடவை. அப்பாவின் கையில் இருந்து பையை வாங்கிக்கொண்டு, அந்த மேசைக்காரரைப் பார்த்து, ஏதோ அவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும் என்பது போல, "இவரிட்ட ஒரு நேரத்தில ஒண்டுதான் குடுக்கலாம்," என்றார். வேற்று மனிதருக்கு முன்னால் அப்பாவை இப்படியா கேவலப்படுத்துவது என்று எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. அப்பாவுக்கு வந்ததாகத் தெரியவில்லை. என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே நடந்தார்.

ட்ராம் நான் நினைத்ததை விடப் பெரிதாகவும் பஸ்ஸை விட அழகாகவும் இருந்தது. மரச் சட்டங்கள் போட்ட இருக்கைகள். சாய்மானத்தைத் தள்ளினால் அந்தப் பக்கமும் திரும்பும். முன்னுக்கு ஒரு பித்தளைக் கைபிடி. காலுக்குக் கீழே மணி. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏறி, கைபிடியைப் பிடித்து, மணியை மிதித்துப் பார்த்தேன். அடி வாங்கியதுகூட மறந்துபோயிற்று. அப்பா படம் எடுக்கச் சட்டைப் பையைத் தடவினார். பிறகு காற்சட்டைப் பையைத் தடவினார். பிறகு என்னைப் பார்த்தார். தொலைபேசி அம்மாவின் பைக்குள் இருந்தது.

அப்பா வாசலுக்கு ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். தொலைபேசி அடியில் கிடந்ததால் அம்மா முதலிலிருந்து ஒவ்வொன்றாக வெளியே எடுக்கத் தொடங்கினார். காணிப் பெர்மிட் மறுபடியும் மேசைக்கு வந்தது. அதற்குமேல் அந்த மனிதரால் தாங்க முடியவில்லை. மணிக்கூட்டைப் பார்த்தார். மற்றவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். எழும்பி வந்து, "வாங்க அம்மா, அந்தப் பையையும் கூட்டிட்டு வாங்க," என்றார்.

படம் எடுத்தாயிற்று. முன்னுக்கு நான் கைபிடியோடு நிற்கிறேன், ஒரு கன்னம் சிவந்திருக்கிறது. பின்னால் மர இருக்கையில், எந்த நிமிடமும் வண்டி புறப்பட்டுவிடும் போல, மடியில் பையைக் கட்டிப்பிடித்தபடி அம்மா இருக்கிறார். ஸ்டூடியோவில் படத்தை அச்சடித்து எடுத்தவுடன் அம்மாவும் பையும் இருந்த பாதியைப் பின்பக்கம் மடித்துவிட்டுத்தான் பள்ளிக்கூடம் கொண்டுபோனேன். அங்கே அந்தக் கடைசி வாங்குக்காரன் கனநேரம் பார்த்துவிட்டு, இதில் ஸ்டியரிங்கே இல்லை, இது எப்படி ஓடும் என்று கேட்டான். ஒருவரும் நம்பவில்லை.

அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கும் வயது வந்தபோதுதான் ஒன்றைக் கவனித்தேன். எங்கள் மூவரின் சான்றிதழ்களும் முகாமுக்குப் பிறகு புதிதாக எடுத்த பிரதிகளாக இருந்தன. பழையவை எங்கே என்று அப்பாவிடம் கேட்டேன். அப்போது அம்மா கிணற்றடியில் இருந்தார். பையும் அங்கேதான் இருந்தது.

சண்டைக்குள்ளால் ஓடி வந்தபோது முதலில் கடதாசிப் பை தன்னிடம்தான் இருந்தது என்றார் அப்பா. அம்மாவின் தலையில் அரிசியும் பாயும் இருந்ததாம். எனக்கு நாலு வயது, நல்ல காய்ச்சல். ஒரு கையில் பை, மற்றக் கையில் என்னைப் பிடித்து அப்பா நடத்திக்கொண்டு வந்தாராம். ஓரிடத்தில் ஷெல் விழத் தொடங்கியது. எல்லாரும் ஓடினார்கள். நான் விழுந்துவிட்டேன்.

"உன்னைத் தூக்க ரெண்டு கையும் வேணும். பையை வைச்சிட்டுத் தூக்கினனான். பிறகு திரும்பிப் போகேலாமப் போச்சு," என்றார்.

அம்மா ஏசினவாவோ என்று கேட்டேன்.

"ஒரு சொல்லுச் சொல்லேல்லை. இனிச் சாமான் எல்லாம் தன்ர பொறுப்பு, எனக்குப் பிள்ளை மட்டும்தான் எண்டு சொன்னவா. கடைசி மட்டும் அப்பிடித்தான் வந்தனாங்கள்."

அம்மா ஏன் என் கையைப் பிடிப்பதில்லை என்று பத்து வயது வரை கோபித்துக்கொண்டு திரிந்த எனக்கு, அந்தப் பையை அவர் சுமந்தது என்னைத் தூக்க அப்பாவின் இரண்டு கையும் வெறுமையாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் என்று தெரிந்திருக்கவில்லை. கொழும்பில் அந்த வாசலில் ஆத்திரத்தில் அவரிடமிருந்து பிடுங்கி, நான் பையைத் திணித்தது அந்தக் கையில்தான்.