தாடி வைத்தவனுக்கு ஒரு மாஸ்க்

வண்டி ஓட்டிக்கொண்டே தூங்கியவன் நான். வெட்கத்தை விட்டு அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

போடியிலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்பு என்னுடையது. போன நோன்புப் பெருநாள் கழிந்த மூன்றாம் நாள் காலை, வண்டியில் பதினோரு பெண்கள். போடிமெட்டுச் சாலையில் ஒரு கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால் எனக்குக் கண் செருகிவிட்டது. முன் சீட்டில் இருந்த ஈஸ்வரி என் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். பிரேக்கை மிதித்தேன். தடுப்புச் சுவரை உரசி வண்டி நின்றது.

"பாய், எங்களுக்கெல்லாம் பிள்ளகுட்டி இருக்கு," என்றாள். அவர்களை வேறு ஜீப்பில் ஏற்றி அனுப்பிவிட்டு, வீட்டுக்கு வந்து சாவியை என் மனைவி ஜெய்னம்புவிடம் கொடுத்தேன்.

பகல் தூக்கம் எனக்குப் புதிதல்ல. ஒருமுறை பள்ளிவாசல் தொழுகையில், நெற்றியைத் தரையில் வைத்து சுஜூதுக்குப் போனவன் அங்கேயே தூங்கிவிட்டேன். பாய்க்கு என்ன இறையச்சம் என்று பேசிக்கொண்டார்களாம். குறட்டை கேட்ட பிறகுதான் குட்டு உடைந்தது.

தேனி டாக்டர் ஒரு ராத்திரி பரிசோதித்துவிட்டு, தூக்கத்தில் எனக்கு மூச்சு நின்று நின்று வருகிறது என்றார். காற்றைத் தள்ளும் ஒரு மெஷின், மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் ஒரு மாஸ்க். அதைப் போட்டு நன்றாகத் தூங்கிக் காட்டினால்தான் ஸ்டியரிங்கைத் தொடலாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

மாஸ்க் என் தாடியில் உட்காரவே இல்லை. காற்று தாடி வழியாகப் புஸ்ஸென்று போனது. "ஏங்க, பஞ்சரான டியூப்பு பக்கத்துல படுத்த மாதிரில்ல இருக்கு," என்றாள் ஜெய்னம்பு. வாரை இறுக்கினேன், கன்னம் வீங்கியது. தாடி படியட்டும் என்று தேங்காய் எண்ணெய் தடவினேன், மாஸ்க் வழுக்கி நெற்றிக்கு ஏறியது. மெஷினின் தண்ணீர்த் தொட்டியில் வாசனைக்கு நாலு ஏலக்காய் தட்டிப் போட்டேன். போடிக்காரன் புத்தி வேறெங்கே போகும்? மெஷின் கடைக்காரர் போனிலேயே வறுத்தெடுத்துவிட்டார்.

ஒரு மாதம் வீட்டில் முடங்கிக் கிடந்தேன். இனி வண்டியே ஓட்ட முடியாதோ என்று மனம் உடைந்துபோனது. தாடியை எடுத்தால் சரியாகும் என்றார்கள். "நோய்க்காக எடுத்தா குத்தமில்ல பாய், தாராளமா எடுங்க," என்று பள்ளிவாசலில் தொழவைக்கும் ஹஜ்ரத்தும் சொல்லிவிட்டார். எனக்குத்தான் மனசு வரவில்லை. நிக்காஹுக்கு முன்பிருந்தே இருக்கும் தாடி அது.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து, பள்ளிவாசல் தூணோரம் உட்கார்ந்து அழுது கேட்டேன். "யா அல்லாஹ், தாடியை எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால் எடுக்கிறேன். வேறு வழி இருந்தால் காட்டு. என்னால் ஓர் உயிருக்கும் ஆபத்து வரக் கூடாது."

வீட்டுக்கு வந்து மாஸ்க்கை எடுத்துக்கொண்டு நேராக முருகேசன் சலூனுக்குப் போனேன். எனக்கு எப்போதும் முடி வெட்டுகிறவர் அவர்தான். மாஸ்க் படும் இடத்தை மட்டும் வழித்துவிடச் சொல்லி அதைக் கையில் கொடுத்தேன். என் முகத்தில் வைத்து அப்படியும் இப்படியும் பார்த்தவர், கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

"மீசையத்தான் ஒட்ட வெட்டி வச்சிருக்கீகளே பாய். அந்த எடம் வழுவழுன்னு சும்மாதான கெடக்கு. மூக்கோட நிக்கிற மாதிரி ஒண்ணு கெடைக்காதா?"

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. நாற்காலியிலிருந்தே மெஷின் கடைக்குப் போன் போட்டேன். அப்படி ஒன்று இருந்தது. வாயைத் திறந்து தூங்குகிறவன் என்பதால் எனக்குப் பெரியதைக் கொடுத்தார்களாம். டாக்டரும் மாற்றிப் பார்க்கலாம் என்றார். வாயை மூடித் தூங்கிப் பழக இரண்டு வாரம் ஆனது. ஒரு நாள் விடியற்காலைப் பாங்கு சொல்லுமுன் தானாக விழித்தேன். தலை கனக்கவில்லை. "சத்தமே இல்லன்னு பயந்து நெஞ்சுல கை வச்சுப் பாத்தேன்," என்று ஜெய்னம்பு சிரித்தாள். அல்ஹம்துலில்லாஹ் என்றேன். அழுகை வந்துவிட்டது.

டாக்டர் அனுமதி கொடுத்த பிறகு மறுபடி ஜீப்பை எடுத்தேன். என்னைக் கண்காணிக்கப் போவதாகச் சொல்லி ஈஸ்வரி முன் சீட்டில் ஏறினாள். மூன்றாவது வளைவு வருவதற்குள் அவள் தூங்கிவிட்டாள். பயமில்லாமல் தூங்கிய அந்த முகத்தைப் பார்த்தபோதுதான் அன்று தூணோரம் கேட்ட என் துஆ ஏற்கப்பட்டதை முழுசாக உணர்ந்தேன்.

உங்கள் வீட்டில் யாராவது ஊரே கேட்கக் குறட்டை விட்டால், கேலி செய்துவிட்டு விட்டுவிடாதீர்கள். டாக்டரிடம் கூட்டிப் போங்கள். ஒத்துவரவில்லை என்று மெஷினை மூலையில் போடாதீர்கள். படைத்தவனிடம் மனம்விட்டுக் கேளுங்கள். சலூன் நாற்காலியில் எனக்கு வழி காட்டியவன் உங்களையும் கைவிட மாட்டான்.