சிவப்புக் காது மெஷின்

என் காது மெஷின் வந்த டப்பாவின் மேல் அதன் நிறம் 'தோல் நிறம்' என்று அச்சடித்திருந்தது. திறந்து பார்த்தால், பல் செட்டின் ஈறுக்குப் போடுவார்களே, அந்த ரோஸ். செம்பாக்கத்தில் எங்கள் தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை கதவு கதவாகத் தட்டினாலும் அந்த நிறத்தில் ஒரு தோல் கிடைக்காது. எந்த ஊரிலோ எவனோ தன் கையைத் தானே பார்த்துக்கொண்டு, தோல் என்றால் இதுதான் என்று முடிவு கட்டியிருக்கிறான். என் கறுப்புக் காதுக்குப் பின்னால் அதை மாட்டினால் பத்தடி தூரத்திலிருந்து தெரிந்தது.

விற்ற பாய்க்கு அதெல்லாம் ஒரு பொருட்டில்லை. தாம்பரம் மார்க்கெட் பக்கத்தில் கடை. "போட்டுகினு கீறதே யாருக்கும் தெரியாதும்மா" என்று மூன்று தடவை சொன்னார். நன்றாகக் கேட்கும் என்று ஒரே ஒரு தடவைதான் சொன்னார். ஒரு பொருளின் முதல் பெருமையே அது இருப்பது தெரியாது என்பதுதான் என்றால், அதைச் செய்தவனுக்கு அதை வாங்குகிறவர்கள் மேல் என்ன மரியாதை இருக்கும்? கண் மங்கியவர்கள் முகத்தின் நடுவிலேயே கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஃபிரேம் நன்றாக இருக்கிறதா என்று ஊரையே கேட்கிறார்கள். கண் கெட்டால் படிப்பாளி, காது கெட்டால் பாவம்.

எனக்கு இருபத்து மூன்று வயதில் ஒரு காய்ச்சல் வந்து போனது. போகும்போது காதையும் முக்கால்வாசி எடுத்துக்கொண்டு போனது. சிறுசேரியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் அப்போது எனக்கு டெஸ்டிங் வேலை. அடுத்தவர்கள் செய்ததில் குறை கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிறவள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு எனக்குக் கேட்காதது கவலையில்லை, அது வெளியே தெரிந்துவிடும் என்பதுதான் கவலை.

முதல் வரன் பெண் பார்க்க வந்தபோது அம்மா திட்டம் போட்டாள். மெஷின் மாட்டிய வலது காது சுவர்ப் பக்கம் இருக்கும்படி நான் உட்கார வேண்டும். காதை மூடித் தலை வார வேண்டும். அதன் மேல் நான்கு முழம் மல்லிகை. "நிச்சயம் ஆகட்டும். அப்புறம் பக்குவமா சொல்லிக்கலாம்" என்றாள். ஆபீசில் ஒரு பட்டன் இடம் மாறியிருந்தால்கூடத் திருப்பி அனுப்புகிற நான், பூவுக்குத் தலையைக் குனிந்து கொடுத்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே எனக்கு வெறுப்பாக இருக்கிறது.

காது மெஷினை எதையாவது வைத்து அழுத்தி மூடினால் அது விசிலடிக்கும். கூத்து என்னவென்றால், அந்தக் கீச்சுச் சத்தம் என் காதுக்கு எட்டாத ரகம். மற்ற எல்லாருக்கும் கேட்கும். நான் காபித் தட்டோடு கூடத்துக்கு வந்ததும் மாப்பிள்ளையின் அப்பா தன் மொபைலை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தார். மாப்பிள்ளையும் எடுத்துப் பார்த்தார். அம்மா அடுப்படிக்கு ஓடினாள். குக்கர் கழுவிக் கவிழ்த்து வைத்தபடி இருந்தது. திரும்பி வந்து என் தலையைப் பார்த்தபோது அவள் முகம் போன போக்கில்தான் எனக்கு விஷயம் புரிந்தது.

"என்னங்க அது சத்தம்?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"இன்வெர்ட்டருங்க. பழசு" என்றாள் அம்மா. எங்கள் வீட்டில் இன்வெர்ட்டரே கிடையாது.

இரண்டு நாள் கழித்து ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லியனுப்பினார்கள். பத்துக்கு எட்டுப் பொருத்தம் என்று பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார்கள்.

அந்தச் சனிக்கிழமை நேராக பாய் கடைக்குப் போனேன். சிவப்பில் இருக்கிறதா என்று கேட்டேன்.

"அது சின்னப் புள்ளைங்களுக்கு வர்றதும்மா. பெரியவங்க யாரும் கேட்டதில்ல."

"ஏன் பாய்?"

"வெளிய தெரியும்ல?"

"தெரியட்டும்."

அவர் ஒரு டிராயரை இழுத்தார். உள்ளே சிவப்பு, நீலம், வாத்துப் படம் போட்ட பச்சை என்று மேல் ஓடுகள் குவிந்து கிடந்தன. ஆக, குழந்தைகளுக்கு வெட்கமில்லை என்பது கம்பெனிக்காரனுக்குத் தெரிந்திருக்கிறது. எந்த வயதில் வெட்கப்படத் தொடங்க வேண்டும் என்று அவனே நாள் குறித்தும் வைத்திருக்கிறான். பாய் ரோஸ் ஓட்டைக் கழற்றிச் சிவப்பை மாட்டிக் கண்ணாடியைக் காட்டினார். "நல்லாத்தான் கீது" என்றார். அவருக்கே ஆச்சரியம்.

உள்ளே இருக்கிற சமாச்சாரம் அதேதான், மாறியது ஓடு மட்டும். ஆனால் ஆபீசில் அதுவரை என் முதுகுக்குப் பின்னால் நின்று கூப்பிட்டுவிட்டு, திமிர் பிடித்தவள் என்று பேர் வைத்தவர்கள், இப்போது முன்னால் வந்து முகம் பார்த்துப் பேசினார்கள். ஒரு மெஷின் என்னைக் கேட்க வைப்பதோடு அவர்களையும் ஒழுங்காகப் பேச வைக்கும் என்று அந்த ரோஸ் கலர் அறிவாளிக்குத் தோன்றவேயில்லை. கேம்ப் ரோடு ஸ்டாப்பில் நான் ஏறுகிற கம்பெனி பஸ்ஸில் பாதிப் பையன்கள் காதில் நீல விளக்கு மினுக்கும் ப்ளூடூத்தைச் சொருகிக்கொண்டு வருவார்கள். யாரும் கூப்பிடாவிட்டாலும் கழற்ற மாட்டார்கள். அவர்கள் சொருகினால் கெத்து, நான் சொருகினால் குறை. அந்தப் பையன்களோடுதான் தினமும் சிறுசேரி போய் வந்தேன்.

இரண்டாவது வரன் வந்த அன்று தலையை இழுத்துப் பின்னிக்கொண்டேன். காது பளிச்சென்று வெளியே. அம்மா காலையிலிருந்து என்னோடு பேசவில்லை.

மாப்பிள்ளையின் அம்மா என் காதைப் பார்த்துச் சிரித்தார். "ப்ளூடூத்தாம்மா? எங்க பையனும் வெச்சிருக்கான். கறுப்பு."

"ஆமாங்க, ஆபீஸ்ல குடுத்தது" என்று அம்மா முந்திக்கொண்டாள்.

தலையாட்டியிருந்தால் முடிந்தது. கல்யாணம்கூட நடந்திருக்கும். அப்புறம் ஆயுசுக்கும் நான் ஒளிந்துகொண்டிருக்க வேண்டும்.

"இல்ல ஆன்ட்டி. எனக்குக் காது கேக்காது. இது காது மெஷின்" என்றேன்.

மாப்பிள்ளை தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "எனக்கு இதுல ஒரு பிரச்சனையும் இல்லங்க" என்றார். பெரிய மனசு முகத்தில் வழிந்தது. "ரிசப்ஷன்ல மட்டும், போட்டோவுக்காக, கழட்டிடலாம்ல?"

கழற்றினேன். அங்கேயே, மிக்சர் தட்டின் ஓரத்தில் வைத்தேன். "இப்பப் பேசுங்க" என்றேன்.

பேசினார். உதடு நிறைய நேரம் அசைந்தது. அவருடைய அம்மாவும் பேசினார், அப்பாவும் கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். என்ன சொன்னார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்து ஆகப்போவதும் ஒன்றுமில்லை.

அம்மா எழுந்தாள். அறைவாள் என்றுதான் நினைத்தேன். தட்டின் ஓரத்திலிருந்து மெஷினை எடுத்துப் புடவைத் தலைப்பில் துடைத்தாள். அதுவரை அவள் அதை விரலால்கூடத் தொட்டதில்லை. எல்லார் முன்னாலும் என் காதைப் பிடித்து மாட்டிவிடப் பார்த்தாள். மாட்டத் தெரியாமல் தலைகீழாகச் சொருகினாள், வலித்தது. நான் அவள் கையை விலக்காமல் திருப்பிச் சரிசெய்தேன். முதலில் ஃபேன் சத்தம் வந்தது, அதன் பின்னாலேயே அம்மாவின் குரல்.

"எம் பொண்ணுக்குக் காது கேக்காதுங்க. அவ கழட்ட மாட்டா."

அவள் வாயால் அதை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.