பால்சாமி பாட்டில்

எனக்கு எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும். படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. முன்னால் நடந்ததைப் பின்னால் சொல்வேன், பாதி மறந்தும் போகும். பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் மகளிர் குழுவில், எங்கள் வீட்டில் இருக்கும் அந்தக் கறுப்பு வினிகரில் என்னென்ன செய்யலாம் என்று கேட்டார்கள். நாலு பேருக்கு நடுவில் வாய் திறக்க எனக்குக் கூச்சம். அதனால் எழுதுகிறேன். ஆனால் அதை நினைத்தாலே முதலில் வருவது பயம்தான். அதைச் சொல்லாமல் சமையலைச் சொல்ல வரவில்லை.

என் வீட்டுக்காரர் சாயப்பட்டறையில் வாட்ச்மேன். எங்கள் போர் தண்ணீர் உப்பு. பாத்ரூம் கல்லில் வெள்ளைக் கறை பிடித்துக்கொண்டே இருக்கும். அதைத் தேய்க்கப் பட்டறையிலிருந்து கொஞ்சம் அசிட்டிக் கொண்டுவருவார். சாயம் போட்ட துணிக்கு ஊற்றும் ஆசிட் அது. எது காலியாகக் கிடைக்கிறதோ அதில் பிடித்து வருவார். ஜூஸ் பாட்டில், தேன் பாட்டில், ஒன்றும் பார்ப்பதில்லை.

நானும் முன்பு பட்டறையில் துணி காயப்போட்ட ஆள்தான். கூட வேலை செய்த ஒருத்தி, தாகத்துக்குத் தண்ணீர் என்று நினைத்து அங்கே இருந்த பாட்டிலைத் தூக்கிக் குடித்துவிட்டாள். உயிர் தப்பியது. ஆனால் அதற்கப்புறம் கஞ்சியைத் தவிர வேறொன்றும் அவள் தொண்டையில் இறங்கவில்லை. அந்தப் புளிப்பு வாடை எங்கே அடித்தாலும் எனக்கு அவள் முகம் வந்து நிற்கும்.

மருமகள் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர், துணி வாங்கும் வெளிநாட்டு பையர்களோடு பேசுகிற வேலை. முதல் குழந்தை வயிற்றில் இருந்தது. அன்றைக்கு லீவு போட்டு வீட்டில் இருந்தாள். மகன் வேலைக்குப் போய்விட்டான். நான் ரேஷன் கடைக்குப் போய்விட்டு வெயிலோடு வந்து சமையல்கட்டில் கால் வைத்தேன். அந்த வாடை.

மேடைமேல் கனமான ஒரு கண்ணாடி பாட்டில், மூடி திறந்தபடி. உள்ளே கறுப்பாகத் தண்ணீர். மேலே ஒட்டியிருந்த காகிதத்தில் இங்கிலீஷோ என்னவோ. பக்கத்தில் ஒரு தட்டு. அதில் வெள்ளரிக்காய்த் துண்டு இரண்டு, தக்காளி விதை, கறுப்புக் கறை. மிச்சச் சாயம் இருந்த பாட்டிலில் அசிட்டிக்கைப் பிடித்தால் இப்படித்தான் கறுத்திருக்கும் என்று தோன்றியது. பாத்ரூமுக்கு ஓடிப் பார்த்தேன். கல்மேல் எப்போதும் நிற்கும் பாட்டில் அங்கே இல்லை.

உள்ளறைக்கு ஓடினேன். மருமகள் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"கண்ணு, கண்ணு! எந்திரி. என்ன சாமி சாப்ட்ட?"

கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "பால்சாமிங்க அத்தை."

"யாரு?"

"பால்சாமி… பையர் குடுத்தாருங்க."

பால்சாமி என்று எங்கள் தெருவில் யாரும் கிடையாது. பட்டறையில் புதிதாக வந்தவனோ? வயிற்றுப்பிள்ளைக்காரிக்கு இதைக் கொடுத்தவன் எவன்?

"எந்த ஊருப் பால்சாமி? எதுக்கு உனக்குக் குடுத்தான்? தொண்டை எரியுதா, வயிறு எரியுதா சொல்லு!"

அவள் எழுந்து உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்தாள். நான் அழுவது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது போல. "ஐயோ அத்தை, அது ஆளில்லீங்க. பால்சாமிக். வினிகரு. இத்தாலிக்காரங்க திராட்சைல பண்றதுங்க" என்றாள்.

நான் நம்பவில்லை. திராட்சைக்கு எங்கேயாவது பட்டறை வாடை வருமா? அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய், ஒரு கரண்டி ஊற்றி வாய்க்குக் கொண்டுபோனாள். நான் தட்டிவிட்டேன். சுவரெல்லாம் தெறித்தது. சிரித்துக்கொண்டே என் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டாள். "நாக்குல வெச்சுப் பாருங்க. உங்க மருமக போறதுன்னா நீங்களும் கூட வாங்க."

வைத்தேன். முதலில் இனிப்பு. பிறகுதான் புளிப்பு, பழைய வெல்லத்தில் புளி ஊறியது மாதிரி. ஆசிட் இனிக்காது. அந்த இனிப்பு தெரிந்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது. பாத்ரூம் பாட்டிலை மறுபடி நிரப்ப வீட்டுக்காரரே காலையில் எடுத்துப் போயிருந்தார் என்று சாயங்காலம் தெரிந்தது.

அவளுக்கு அப்போது புளிப்பு கேட்டுக்கொண்டே இருந்தது. தினமும் அதைத்தான் தேடினாள். டாக்டரம்மா சாப்பாட்டோடு கொஞ்சம் சேர்த்தால் ஒன்றும் செய்யாது என்றார்களாம். அவள் கண்டபடி ஊற்றிக்கொள்ளாமல் இருக்கட்டும் என்று நானே கையில் எடுத்துக்கொண்டேன்.

வெள்ளரி, தக்காளி, சின்ன வெங்காயம் அரிந்து உப்பு, மிளகு போட்டு, தின்னப்போகும்போது ஒரு ஸ்பூன் விட்டால் நன்றாக இருக்கும். முன்னாலேயே விட்டால் தண்ணீர் விட்டுப்போகும். அவித்த கடலையில் வெங்காயத்தோடு பிசறினால் எலுமிச்சம்பழம் வேண்டாம். கத்திரிக்காயை எண்ணெயில் வதக்கி, அடுப்பை அணைத்தபிறகு அரை ஸ்பூன். பீட்ரூட்டுக்கும் அப்படித்தான். கோழிக்கறியைப் பூண்டு, மிளகோடு இதில் கொஞ்ச நேரம் ஊறவைத்து வறுத்தால் சீக்கிரம் கறுக்கும், தீயைக் குறைக்க வேண்டும். நாட்டுச்சர்க்கரை போட்டுச் சின்னத் தீயில் தேன் பதத்துக்குக் காய்ச்சி, கொய்யாப்பழத்தின்மேல் ஊற்றினால் அவள் தட்டை வழித்துவிடுவாள். காய்ச்சும்போது ஆவி கண்ணைக் கரிக்கும். ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் செய்வேன்.

ரசத்தில் மட்டும் விடாதீர்கள். புளிக்குப் பதிலாக ஒரு நாள் விட்டுக் கொதிக்கவைத்தேன். அவர் செருப்பைக் கழற்றும்போதே, "ஏம்புள்ள, பட்டறைய ஊட்டுக்கே கொண்டாந்துட்டயா? நான் இனி டூட்டிக்குப் போக வேண்டாம்போல" என்றார். ரசம் கீழே போனது.

அதற்கப்புறம் ஒரு நாள் சாப்பிட்டுக் கை கழுவி வந்தவர், அந்தப் பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நல்ல கனமா இருக்குது. தீந்ததும் எடுத்து வைய்யி. அசிட்டிக் புடிக்க ஆவும்."

மருமகள் அந்தப் பாட்டிலைப் பார்த்து எடுப்பதில்லை. செல்போனில் பேசிக்கொண்டே கையை நீட்டி எடுப்பாள், ஊற்றுவாள். பாத்ரூமில் நிற்கும் பாட்டில் ஒரு நாள் சமையல்கட்டுக்கு வராது என்று யார் சொல்ல முடியும்? இரண்டுக்கும் ஒரே வாடை, அதுவும் காட்டிக் கொடுக்காது. அவரிடம் வேண்டாம் என்று நான் எதற்கும் சொன்னதில்லை. அன்றைக்கும் வாயில் வந்தது, "சரிங்க."

அப்புறம் சொட்டுச் சொட்டாகத்தான் விட்டேன். தீராமல் பார்த்துக்கொண்டேன். "என்னங்க அத்தை, மருந்து ஊத்தற மாதிரி ஊத்தறீங்க?" என்று அவள் கேலி செய்வாள். ஆனாலும் தீராமல் இருக்குமா? மாதம் நெருங்கியபோது அடியில் ஒட்டியதுதான் மிச்சம். அதையும் வழித்து அவளுக்குக் கொய்யாவில் கொடுத்தேன். பாட்டிலைப் பனியன் வேஸ்ட்டுத் துணியில் சுற்றி, துவைக்கும் கல்லில் வைத்து, அம்மிக் குழவியால் ஒரே போடு போட்டேன். நிமிர்ந்தால் மருமகள் வாசற்படியில் நிற்கிறாள். துணி மூட்டையைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அவர் வந்ததும் கேட்டார்: "அந்தப் பாட்டிலு எங்க புள்ள?"

நான் சொம்பில் தண்ணீர் மொண்டு நீட்டினேன். உள்ளே இருந்து அவள் குரல் வந்தது: "நாந்தானுங்க மாமா கை தவறிப் போட்டு ஒடச்சுட்டேன். உங்க பையனக் கேன் ஒண்ணு வாங்கிட்டு வரச் சொல்லிருக்கேனுங்க, மேல ஆசிட்டுன்னு பெருசா எழுதிக்கலாம்."

"ஒடஞ்சா ஒடஞ்சுது, காலப் பாத்து வைய்யி கண்ணு" என்று அவர் முகம் கழுவப் போய்விட்டார்.

பேரன் பிறந்து நன்றாக இருக்கிறான். இப்போது வேறு பாட்டில் வந்திருக்கிறது. திறந்ததும் முதல் சொட்டை நான்தான் நாக்கில் வைக்கிறேன், இனிக்கிறதா என்று. சர்க்கரை போட்டுக் காய்ச்சியது எவர்சில்வர் பாத்திரத்திலா, ஈயம் பூசாத பித்தளையிலா என்று எனக்கு ஞாபகம் இல்லை. பித்தளை ஆகாது என்று மருமகள் இப்போது சொல்கிறாள். அதுவும், வயிற்றுப்பிள்ளைக்காரிக்கு எவ்வளவு தரலாம் என்பதும், அளவுகளும் சரிதானா என்று விவரம் தெரிந்தவர்கள் யாராவது ஒருமுறை பார்த்துத் திருத்திக் கொடுங்கள். அதுவரை இதை நம்பி யாரும் அடுப்பில் வைக்க வேண்டாம்.