ஸ்டீரிங்குக்கு வைத்த பொட்டு

தேயிலைக் கொழுந்து லொறி ஓட்டிக்கொண்டிருந்த என்னைத் துரை பங்களாக் காருக்கு மாற்றியபோது, தோலைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் என் சொந்தத் தோலைப் பற்றித்தான். அந்த அறிவை அப்படியே காரில் காட்டினேன்.

பிள்ளைகளே, உங்கள் வகுப்பு டீச்சர் பெற்றோர் எல்லாரும் தங்கள் வேலையைப் பற்றி எழுதித் தரவேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். மற்ற அப்பாக்கள் பாலம் கட்டியதையும் கரண்ட் இழுத்ததையும் எழுதுவார்கள். நான் ஒரு ஸ்டீரிங்கைத் துடைத்த கதையை எழுதுகிறேன். உங்களோடு படிக்கும் என் மகள் கவிதா, "அப்பா, அத மட்டும் எழுதிறாதீங்க" என்று கெஞ்சினாள். அவள் அவ்வளவு கெஞ்சியதால்தான் இது எழுதத் தகுந்த விஷயம் என்று எனக்குப் பட்டது.

1. எண்ணெய்

எங்கள் தோட்டம் பொகவந்தலாவைக்கு மேலே இருக்கிறது. தோட்டத்தை நடத்தும் துரை அந்த வருடம் புதுக் கார் வாங்கினார். துரை சிங்களவர், கண்டிப் பக்கம். ஆனால் தோட்டத்துத் தமிழை எங்களைவிட வேகமாகப் பேசுவார், திட்டும்போது இன்னும் வேகமாக. என்னைக் கூப்பிட்டு, "மூணு மாசம் பாப்பேன். சரிவந்தா நீ பங்களா டிரைவர், டிரைவர் குவாட்டர்ஸும் உனக்குத்தான். சரிவராட்டி லொறி எங்கயும் போயிறாது" என்றார்.

குவாட்டர்ஸ் என்றால் இரண்டு அறை, உள்ளேயே தண்ணீர்க் குழாய், ஒழுகாத கூரை. அப்போது நாங்கள் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் ஒரே அறையில் இருந்தோம். மழை பெய்தால் கவிதாவின் புத்தகங்களைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, கட்டிலுக்கு மேலே சட்டி வைப்போம். துரை சொன்ன அன்றே என் மனைவி செல்வி போய்க் குவாட்டர்ஸ் ஜன்னலை அளந்துவிட்டு வந்தாள். திரைத் துணிக்கு.

அந்தக் காரின் ஸ்டீரிங் தோல் போட்டது. பால் தேத்தண்ணி நிறம். கையால் தைத்தது போல உள்பக்கம் முழுக்கத் தையல். லொறியின் ஸ்டீரிங் கறுப்பு பிளாஸ்டிக். அதைச் சாக்கால் துடைத்தாலும் ஒன்றுதான், துடைக்காவிட்டாலும் ஒன்றுதான். இதைத் தொடவே பயமாக இருந்தது.

முதல் வாரமே யோசித்தேன். இந்தக் குளிரில் நம்முடைய கை வெடிக்கிறது, தேங்காய் எண்ணெய் தேய்த்தால் சரியாகிறது. இதுவும் தோல்தானே? நல்லெண்ணமும் நல்ல எண்ணெயும் சேர்ந்து, ஒரு சனிக்கிழமை மாலை ஸ்டீரிங்கை ஊறவிட்டேன். கண்ணாடி மாதிரி மின்னியது. நானே அதில் என் முகத்தைப் பார்த்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை துரை தனியாக நோர்வூட் பக்கம் போனார். திரும்பி வந்தபோது ஸ்டீரிங்கில் முகம் துடைக்கும் லேஞ்சியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"சண்முகம், இந்தக் கார்ல யாராச்சும் தல வாருனாங்களா?"

"இல்லீங்களே தொர."

"அப்ப ஏன் ஸ்டீரிங் வழுக்குது? வளைவுல நான் ஒருபக்கம் திருப்புறேன், அது பாட்டுக்கு நிக்குது. எதிர்ல பஸ்!"

தோலுக்கு எண்ணெய் நல்லது என்று விளக்கம் சொல்லத் தொடங்கினேன். அவர் லேஞ்சியை என் கையில் கொடுத்து, "நீ பேசாம தொடை" என்றார். துடைத்துக்கொண்டே இருந்தேன். தையல் ஓட்டைகளில் இறங்கிய எண்ணெய் ஒரு வாரம் வரை வந்துகொண்டே இருந்தது. காருக்குள் யார் ஏறினாலும் முதலில் மூக்கைச் சுளித்து என் தலையைப் பார்த்தார்கள்.

2. பொட்டு

ஆயுத பூஜை வந்தது. எங்கள் தோட்டத்தில் அன்று பெக்டரி மெஷின் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். லொறி, டிராக்டர், துரையின் கார் எல்லாம் பெக்டரி முன்னால் வரிசையாக நிற்கும். துரையும் வந்து செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பார். பூசாரி பொட்டு வைப்பார், டயருக்கு அடியில் தேசிக்காய் என்கிற எலுமிச்சையை வைத்து நசுக்குவோம்.

எண்ணெய் விஷயத்தில் போன பெயரை மீட்க இதுதான் சமயம் என்று எனக்குத் தோன்றியது. பூசாரி பொனட்டில் வைத்துவிட்டு நகர்ந்தார். நான் விடவில்லை.

"சாமி, ஸ்டீரிங்குக்கும் வைங்க."

"உள்ளுக்கு எதுக்குப்பா? வெளிய வெச்சா போதும்."

"தொர கை வெக்கிற எடம் சாமி. நல்லா அழுத்தி வைங்க."

பூசாரி வீட்டிலேயே மஞ்சளில் செய்யும் குங்குமம் அது, நல்ல சிவப்பு. நான் சொன்னதற்காகத் தாராளமாக வைத்தார். மேலே ஒன்று, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று.

இதோடு விட்டிருந்தால் அன்று மாலையே துடைத்திருக்கலாம். ஆனால் சாமிக்கு வைத்த பொட்டை நாமாக அழிக்கக் கூடாது, அது தானாக உதிரவேண்டும் என்பது எங்கள் வழக்கம். லொறியில் அது தூசியோடு உதிர்ந்துவிடும். இங்கே மூன்று நாள் விடாத மூடுபனி. கார் கண்ணாடி உள்பக்கமாக வியர்த்தது. ஸ்டீரிங்கும் ஈரமானது. பொட்டு உதிரவில்லை, ஊறியது.

நாலாம் நாள் நுவரெலியாவில் கூட்டம். கொழும்பிலிருந்து கம்பெனியின் பெரியவர் வந்திருந்தார். போகும்போது துரை ஓட்டுவார், களைத்துத் திரும்பும்போது நான் ஓட்டுவேன். துரை போய் இறங்கியதும் பெரியவர் வாசலிலேயே கை கொடுத்தார். பக்கத்தில் நின்ற மற்றத் துரைமாரும் ஆளுக்கு ஆள் கை கொடுத்தார்கள். நான் காரில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பெரியவர் மேடேறி வந்ததில் வியர்த்திருந்தது போல. கை கொடுத்த கையாலேயே நெற்றியைத் துடைத்தார்.

நெற்றி நடுவில் சிவப்பாக ஒரு கோடு.

யாரும் சொல்லவில்லை. யார் சொல்வது? அவர் அப்படியே போய்க் கூட்டம் நடத்தினார். பாதிக் கூட்டத்தில் தேத்தண்ணிக் கோப்பை வெள்ளையாக வந்ததாம், சிவப்பாகப் போனதாம். அப்போதுதான் எல்லாரும் தங்கள் கையைத் திருப்பிப் பார்த்தார்களாம்.

துரை வெளியே வந்து என் முன்னால் உள்ளங்கையை விரித்தார். நான் பதறிப்போய், "ஐயோ தொர, அடிபட்டிருச்சுங்களா?" என்றேன்.

"அடி இனிமேத்தான் படும்" என்றார். கார் தலவாக்கலை தாண்டும்வரை லேஞ்சியால் கையைத் தேய்த்துக்கொண்டே வந்தார். பிறகு சொன்னார்: "அடுத்த வெள்ளிக்கெழம பெரியவர் நம்ம தோட்டத்துக்கு வர்றார். இந்தக் கார்லதான் சுத்திக் காட்டணும். ஸ்டீரிங்ல செவப்பு இருந்துச்சு, நீ லொறிக்குப் போற. அவ்வளவுதான்."

அன்று செல்வியிடம் திரைத் துணியை இப்போது தைக்க வேண்டாம் என்று மட்டும் சொன்னேன்.

"தச்சு முடிச்சிட்டேனே" என்றாள்.

3. ஊறுகாய்

மறுநாள் ஸ்டீரிங்கை ஈரத் துணியால் தேய்த்தேன். பொட்டு போய்விட்டது, அதன் சாயம் போகவில்லை. மூன்று இடத்தில் சிவப்பு வட்டம். தேசிக்காய்ப் பாதியில் உப்பைத் தொட்டுத் தேய்த்தேன். என் கண் முன்னாலேயே சிவப்பு மறைந்து மஞ்சளானது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சிவப்பே போய்விட்டது, மஞ்சள் எம்மாத்திரம் என்று சோப்புத் தூளைக் கரைத்துப் போட்டேன்.

மறுபடியும் சிவப்பு.

தேசிக்காய் போட்டால் மஞ்சள், சோப்புப் போட்டால் சிவப்பு. நாலைந்து தடவை இப்படியே. கடைசியில் சாமி கோபமாக இருக்கிறது என்று முடிவு செய்து ஸ்டீரிங்கைப் பார்த்துக் கும்பிட்டேன். அது ஏன் அப்படி நிறம் மாறுகிறது என்று உங்கள் விஞ்ஞான டீச்சரைக் கேளுங்கள். மஞ்சளில் தேசிக்காய்ச் சாறும் சோப்புத் தண்ணீரும் விட்டு அவரே வகுப்பில் செய்து காட்டுவார். நான் அதைத் துரையின் காரில் செய்து பார்த்துவிட்டேன்.

பற்பசையும் போட்டேன். அதற்குள் தோல் சொரசொரவென்று ஆகி, ஒரு இடத்தில் தையல் நூல் பிசிறத் தொடங்கியது. அப்போதுதான் பயந்துபோய் துரையிடம் உத்தரவு வாங்கிக்கொண்டு ஹட்டனுக்கு ஓட்டினேன். அங்கே கார் சீட் தைக்கும் குஷன் கடைக்கார முஸ்லிம் ஒருவர் இருக்கிறார், எல்லாரும் நானா என்போம். அவர் குனிந்து பார்த்தார், முகர்ந்தார்.

"என்னங்க போட்டீங்க?"

"கொஞ்சம் தேசிக்கா நானா."

"வேற?"

"உப்பு."

"மொதல்ல எண்ண போட்டீங்களோ? வாசம் வருது."

"ஆமாங்க."

"அப்ப ஊறுகாதான் போட்டிருக்கீங்க. மொளகாத்தூள் மட்டுந்தான் கொறையுது."

கடையில் இருந்தவர்கள் எல்லாரும் வந்து பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறு வழியில்லை. புதுத் தோல் மாட்டலாம், ஆனால் இந்த நிறம் கொழும்பிலிருந்து வரவேண்டும், வெள்ளிக்கு முன்னால் வராது என்றார் நானா. சாயத்துக்குத் தன்னிடம் மருந்து இல்லை என்றும் சொன்னார். பிசிறிய நூலை மட்டும் முடிந்துவிட்டு, எப்படித் துடைக்கவேண்டும் என்று காட்டினார். அதைக் கீழே எழுதுகிறேன். அதுதான் இந்தக் கட்டுரையில் உருப்படியான பகுதி.

மெல்லிய துணியைத் தண்ணீரில் நனைத்து, சொட்டு விழாமல் பிழியுங்கள். அழுக்கு இருந்தால் பிள்ளைக்குப் போடும் சோப்பின் நுரையை மட்டும் துணியில் தொட்டு, அழுத்தாமல் துடையுங்கள். தையலுக்குள் பழைய மெத்தென்ற பல் பிரஷ் போதும். பிறகு வேறொரு ஈரத் துணி, அதற்குப் பிறகு காய்ந்த துணி. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை லெதர் க்ரீம், அதுவும் உளுந்தளவு. தேய்த்துவிட்டு மிச்சத்தைத் துடைத்து எடுத்துவிட வேண்டும். தோல் மின்னக் கூடாது. மின்னினால் வழுக்கும். நம் ஊர் மூடுபனியில் தோல் பூஞ்சணம் பிடிக்கும், அதனால் காய்ந்த நேரத்தில் கதவைத் திறந்துவைத்துக் காற்றுப் படவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் முதலில், கையைக் கழுவிவிட்டுக் காரில் ஏறவேண்டும். ஸ்டீரிங்கில் சேருவது ரோட்டு அழுக்கில்லை, நம் கை அழுக்கு.

4. வெயில்

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் செல்வியிடம் சொன்னேன். தேசிக்காய் போட்டால் மஞ்சளாகிறது என்றதும் அவள் நிமிர்ந்தாள்.

"ஏங்க, மஞ்சக் கறை பட்ட துணிய நான் என்ன செய்வேன்?"

"தொவைப்ப."

"தொவைச்சா போகாது. வெயில்ல போடுவேன். தானா வெளுத்துரும். நீங்க மஞ்சளாக்குனதோட நிறுத்தியிருக்கணும். சோப்ப ஏன் போட்டீங்க?"

இதை அவள் நான் பொட்டு வைக்கச் சொன்ன அன்றே சொல்லியிருப்பாள். நான்தான் கேட்கவில்லை.

தேசிக்காய்ச் சாற்றில் பஞ்சைத் தொட்டுக் கடைசியாக ஒருமுறை மஞ்சளாக்கி, வெறும் தண்ணீர்த் துணியால் துடைத்து நிறுத்தினேன். இனி வெயில். ஆனால் அந்த மாதத்தில் எங்கள் பக்கம் வெயில் என்பது காலையில் கொஞ்ச நேரம் எட்டிப் பார்த்துவிட்டுப் போகும் விருந்தாளி. வேலைக்குப் பெயர் கொடுக்க எல்லாரும் கூடும் பிரட்டுக் களத்தில்தான் அது முதலில் விழும். காரைக் கொண்டுபோய் அங்கே நிறுத்தினேன். நிழல் நகர நகர, காரையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினேன்.

கொழுந்துக்குப் போன பெண்கள் கூடையோடு நின்றுவிட்டார்கள்.

"என்னண்ணே, காருக்கு வெயில் காட்டுறீங்க?" என்றாள் மாரியாயி. "பொறந்த புள்ளைக்கு மஞ்சக் காமாலையா?"

"ஆமா, புள்ள எத்தன கிலோ?" என்றாள் இன்னொருத்தி.

"அப்பன் ஜாடதான், பாரு எப்பிடி முழிக்குதுன்னு!"

துரை ஆபீஸ் படியில் வந்து நின்றார். "சண்முகம், என்ன செய்ற?"

"வெயில் காட்டுறேங்க தொர."

"யாருக்கு?"

"ஸ்டீரிங்குக்குங்க."

அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே சிரித்தாரா, தலையில் அடித்துக்கொண்டாரா என்று தெரியாது.

தினம் காலையில் இதே வேலை. வெளுத்தது. வெயில் பட்டால் தோல் வறண்டுபோகும் என்று நானா சொல்லியிருந்ததால், உளுந்தளவு க்ரீம் தடவித் துடைத்தேன். உண்மையில் உளுந்தளவு. கை இன்னும் எடுக்கத் துடித்தது, செல்வி டப்பாவைப் பிடுங்கி வைத்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை காலை உற்றுப் பார்த்தால் மட்டும் மேலே மங்கலாக ஒரு மஞ்சள் தெரிந்தது.

பெரியவர் வந்தார். துரை கை நீட்டினார். பெரியவர் தன் கையைப் பாதியில் நிறுத்தி, துரையின் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார். அன்று முழுக்க நான்தான் ஓட்டினேன். இறங்கும்போது பெரியவர் முன்பக்கம் எட்டி ஸ்டீரிங்கை ஒரு விரலால் தடவினார். விரலைப் பார்த்தார். ஒன்றும் ஒட்டவில்லை. போய்விட்டார்.

துரை என்னை ஆபீசுக்குள் கூப்பிட்டு, மேசை டிராயரிலிருந்து ஒரு சாவியை எடுத்து முன்னால் வைத்தார். லொறிச் சாவி என்று நினைத்து எடுக்கத் தயங்கினேன்.

"குவாட்டர்ஸ் சாவி. உள்ளுக்குக் கொழாய் ஒழுகுது" என்றார். "அத நீ தொடாத. பிளம்பர கூப்பிடு."

நான் படித்த பாடம் இவ்வளவுதான்: ஒரு பொருளை எப்படிப் பார்ப்பது என்று தெரியாவிட்டால், கையை வைப்பதற்கு முன் கேட்கவேண்டும். பக்கத்து வீட்டில் கேட்கலாம், ஹட்டனில் கேட்கலாம், முதலில் உங்கள் அம்மாவிடம் கேட்கலாம்.

அடுத்த வருட ஆயுத பூஜைக்கும் கார் வரிசையில் நின்றது. பூசாரி குங்குமத் தட்டோடு கிட்ட வந்ததும், துரை கார்க் கதவை மறைத்து நின்றுகொண்டு என்னைக் காட்டினார்.

"இவன் நெத்தியில வைங்க பூசாரி, எவ்வளவு வேணும்னாலும். இவன கழுவிக்கிரலாம்."