அந்த ஒரு கிலோமீட்டர்

மூன்று வருடங்களுக்கு முன், ஐப்பசி மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு வாரத்தில், திருவனந்தபுரத்தில் நடந்தது இது. நாங்கள் கரமனையில் இருக்கிறோம். நான் ஒரு பத்திரிகையில் முப்பது வருடம் உதவி ஆசிரியராக வேலை பார்த்துவிட்டு அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தேன். அதில் கடைசி எட்டு வருடம் வாகனப் பக்கம் என் பொறுப்பு. வேலை போனாலும் பழக்கம் போகவில்லை. மழை என்று யாராவது சொன்னால் எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று கேட்பேன்.

என் அக்காவின் கணவர், எங்கள் வீட்டு வழக்கில் அத்திம்பேர், ஆடிட்டர். அவருடைய நாற்பது வருடத்து நண்பர் சாலைக் கடைத்தெருவில் ஜவுளி வியாபாரம் செய்தவர், நாகர்கோவில் பக்கத்துக்காரர். தினமும் காலையில் இருவரும் சேர்ந்து நடப்பார்கள், சேர்ந்து சண்டை போடுவார்கள். அந்த வருடம் இருவரும் மூன்று மாத இடைவெளியில் மின்சாரக் கார் வாங்கினார்கள். இரண்டும் வெளிநாட்டுக் கம்பெனிகளின் உயர்ரக வண்டிகள், ஒன்றுக்கொன்று நேர்ப் போட்டி. அத்திம்பேருடையது வெள்ளை, பேட்டரி எண்பது யூனிட் பிடிக்கும். வியாபாரியுடையது நீலம், பேட்டரி நூற்றைந்து யூனிட். அதன்பிறகு காலை நடையில் வேறு பேச்சே இல்லை.

"பேட்டரி பெருசுன்னா வண்டி பெருசா ஓடுமோ? அந்தப் பேட்டரிய சுமக்கறதுக்கே பாதி கரண்ட் போயிடறது ஓய்" என்பார் அத்திம்பேர்.

"உம்ம வண்டி பாதி வழியில நின்னா, நான்தான் வே வந்து இழுக்கணும். அப்ப சொல்லும் இதை" என்பார் வியாபாரி.

ஒருநாள் இருவரும் சேர்ந்து என் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார்கள். நான் தீர்ப்பு சொல்ல வேண்டுமாம். எனக்கும் உள்ளுக்குள் சந்தோஷம்தான். சேர்த்துவைத்திருந்த நோட்டுப் புத்தகங்களில் ஒன்றை எடுத்துப் புதுப் பக்கம் திருப்பினேன்.

நிபந்தனைகளை எழுதினேன். ஒரே சார்ஜிங் நிலையத்தில் இரண்டும் நூறு சதவீதம். டயர்களில் ஒரே காற்று. ஏசி இருபத்து நான்கில். ஒரே வழி: கரமனை, நெடுமங்காடு, விதுரா, அங்கிருந்து போனக்காடு மலை. மேலே, தெரிந்தவர் ஒருவரின் பழைய பங்களாவில் ஓர் இரவு தங்கல். சும்மா நிற்கும்போது எந்த வண்டி எவ்வளவு சார்ஜ் இழக்கிறது என்பதையும் பார்த்துவிடலாம் என்றேன். அந்த யோசனை என்னுடையதுதான்.

வெள்ளை வண்டியை அத்திம்பேரே ஓட்டினார். நீல வண்டிக்கு டிரைவர் இருந்தார். செங்கோட்டைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர், நாற்பது வயது இருக்கும், பேச்சில் பாதி மலையாளம். காலையில் டயர்களுக்குக் காற்று பார்க்கும்போது அவராகவே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "இந்த வண்டிய ஓட்டறது பெடல்ல கால வெச்சு இல்ல சாரே, எடுத்து. எப்ப எடுக்கணும்னு தெரிஞ்சா மதி, எறக்கத்துல அது தானே சார்ஜ் புடிச்சுக்கும்" என்றார். எட்டு வருடம் வாகனப் பக்கம் பார்த்த நான் இவ்வளவு சுருக்கமாக இதை எழுதியதில்லை. நோட்டில் குறித்துக்கொண்டேன்.

மாலை ஐந்தரைக்குப் பங்களா போய்ச் சேர்ந்தோம். இரண்டு வண்டியும் அறுபத்தொரு கிலோமீட்டர் காட்டின. வெள்ளையில் எழுபத்தேழு சதவீதம் மீதி. நீலத்தில் எண்பது.

"எண்பது! பாத்தேரா சாமி? ஜெயிச்சாச்சு!" என்று வியாபாரி கை தட்டினார்.

நான் தடுத்தேன். சிறிய குடத்தில் கால்வாசி குறைவதும் பெரிய குடத்தில் கால்வாசி குறைவதும் ஒரே தண்ணீர் இல்லையே. வெள்ளை செலவழித்தது பதினெட்டு யூனிட்டுக்குச் சற்று மேல். நீலம் செலவழித்தது இருபத்தொன்று. நீலத்துக்குத் தூரம் அதிகம், வெள்ளைக்குச் சிக்கனம் அதிகம் என்று விளக்கினேன். இருவரும் தாங்கள்தான் ஜெயித்ததாக எடுத்துக்கொண்டு சந்தோஷமாக பஜ்ஜி சாப்பிட்டார்கள். வண்டிகளை முற்றத்தில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பூட்டி, படம் எடுத்துக்கொண்டேன். ஏழு மணிக்கு மழை பிடித்தது. களைப்பில்லை, குளிர்தான். எட்டரைக்கெல்லாம் மூவரும் கம்பளிக்குள் போய்விட்டோம்.

காலை ஆறரைக்கு மழை இல்லை. பங்களாக் காவல்காரர் பால் கலக்காத கட்டன்சாயா கொண்டுவந்தார். ராத்திரி எட்டேமுக்காலுக்குப் போன கரண்ட் விடியும்போதுதான் வந்தது, மரம் கம்பி மேல் விழுந்துவிட்டது என்றார். அதையும் எழுதிக்கொண்டேன். வண்டிகளைப் படம் எடுத்தேன். பிறகு அளவுகளைப் பார்த்தேன்.

வெள்ளை: எழுபத்தாறு. ஒன்று குறைந்திருந்தது, நியாயம். நீலம்: எழுபத்து நான்கு. ஆறு குறைந்திருந்தது.

இன்னொன்றும் பார்த்தேன். நீல வண்டியின் கிலோமீட்டர் அறுபத்திரண்டு காட்டியது. முந்தின நாள் அறுபத்தொன்று. மாலையிலேயே அறுபத்திரண்டை நெருங்கியிருக்கும், முற்றத்தில் முன்னும் பின்னும் நகர்த்தியதில் எண் மாறியிருக்கும் என்று நினைத்து, நோட்டில் அறுபத்தொன்று என்றே எழுதினேன். முழு எண்ணாக்கி எழுதிய எத்தனையோ நிருபர்களை மேஜைக்கு முன்னால் நிற்கவைத்துக் கேள்வி கேட்டவன் நான்.

"இதென்னவே, நிக்கிற வண்டி ஆறு சதவீதம் தின்னுமா?" என்று கேட்டார் வியாபாரி. அவர் முகம் சுண்டிப்போயிருந்தது. அத்திம்பேர் சிரிப்பை அடக்கிக்கொண்டு சாயா குடித்தார்.

நான் நிதானமாகச் சொன்னேன். என் வாயிலிருந்து வந்த சொற்கள் அப்படியே நினைவிருக்கின்றன. "யாராவது ஏசி போட்டுக்கொண்டு உள்ளே படுத்திருந்தால்தான் இந்த அளவு குறையும்."

வியாபாரி டிரைவரைக் கூப்பிட்டார். "லே, ராத்திரி வண்டியில ஏசி போட்டுக் கெடந்தியா?"

"இல்ல மொதலாளி."

"பின்ன எங்கலே போச்சு ஆறு?"

டிரைவர் என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு துணியை எடுத்துக் கண்ணாடியைத் துடைக்கப் போய்விட்டார்.

திரும்பும்போது நான் நீல வண்டியில் வந்தேன். வளைவுக்கு முன்னால் அவர் கால் எடுக்கும் அழகைப் பார்த்துக்கொண்டே இறங்கினேன். இறக்கம் முடிவதற்குள் மூன்று சதவீதம் ஏறியிருந்தது.

நான்காம் நாள் அத்திம்பேர் வந்து சொன்னார்: "அவனை நிறுத்திட்டாராம்டா. பொய் சொல்ற டிரைவர் வேண்டாம்ங்கறார். பதினோரு வருஷமா இருந்தவன்." எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. ஆனால் எண்கள் பொய் சொல்லாதே என்று சமாதானம் செய்துகொண்டேன்.

அடுத்த வாரம்தான் தீர்ப்பை எழுத உட்கார்ந்தேன். பழைய வாகனப் பக்கம் போலவே, அட்டவணை, படம் எல்லாம் வைத்து இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு பிரதி கொடுப்பதாக ஏற்பாடு. படத்துக்காக அந்தக் காலைப் படங்களைக் கணினியில் பெரிதாக்கினேன். முற்றம் முழுக்க ஈரம். வெள்ளை வண்டிக்கு அடியில் மட்டும் தரை வெளுப்பாக, உலர்ந்து, வண்டியின் அளவுக்குச் சதுரமாக இருந்தது. ராத்திரி பூரா மழை அங்கே விழவில்லை. நீல வண்டிக்கு அடியிலோ தரை கருப்பாக நனைந்திருந்தது.

மழை பெய்யும்போது அந்த வண்டி அங்கே இல்லை.

நோட்டைத் திறந்தேன். மின்தடை, எட்டேமுக்கால் முதல் விடியும்வரை. ஆறு சதவீதம். அறுபத்திரண்டைக் குறைத்து நான் எழுதிய அறுபத்தொன்று. எல்லாம் என் கையெழுத்தில், ஒரே பக்கத்தில் இருந்தன. நான்தான் சேர்த்துப் படிக்கவில்லை.

அத்திம்பேரிடம் எண் வாங்கி டிரைவரைக் கூப்பிட்டேன். கிள்ளிப்பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு சாயாக்கடையில் சந்தித்தோம். வேலை கிடைக்கவில்லை, ஒரு தோழனின் ஆட்டோவை மாலையில் மட்டும் ஓட்டுவதாகச் சொன்னார். கைபேசியில் படத்தைக் காட்டினேன். நனைந்த தரையைப் பார்த்துவிட்டு நடந்ததைச் சொன்னார்.

அன்று இரவு கரண்ட் போன சிறிது நேரத்தில், எஸ்டேட் லயத்திலிருந்து, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளிலிருந்து, ஒரு பெண் குடையோடு ஓடிவந்திருக்கிறாள். அவளுடைய அம்மா நுரையீரல் நோயாளி. மூச்சுக்கு ஆக்ஸிஜன் மெஷின், அது கரண்டில் ஓடுவது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி கிடைக்குமா என்று, டிரைவர் படுத்திருந்த காவல்காரர் அறைக்கு வந்து கேட்டிருக்கிறாள். அந்த மழையில், மரம் எங்கெங்கே விழுந்திருக்கிறதோ என்று தெரியாத மலைப்பாதையில், மூச்சு முட்டும் ஒருவரை ஒன்றரை மணி நேரம் கீழே கொண்டுபோவதா என்று டிரைவர் யோசித்திருக்கிறார். நீல வண்டியிலிருந்து வெளியே மின்சாரம் எடுக்கும் வசதி உண்டு. அதற்கான கேபிள் டிக்கியில் பிரிக்காத பையில் கிடந்தது. பேட்டரி கெட்டுவிடும் என்று முதலாளி அதைத் தொடவே கூடாது என்று சொல்லியிருந்தார். டிரைவர் பையைப் பிரித்தார். அரை கிலோமீட்டர் தள்ளியிருந்த லயத்தின் வாசலில் வண்டியை நிறுத்தி, ஜன்னல் வழியாகக் கேபிளைக் கொடுத்தார். விடியக் கரண்ட் வரும்வரை வெளியே சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றிருக்கிறார்.

"சாக்கு எதுக்கு? உள்ளே உட்கார்ந்திருக்கலாமே."

"உள்ள இருந்தா ஒறங்கிருவேன் சாரே. கேபிள்ல தண்ணி எறங்காம பாக்கணும் அல்லே."

இதை ஏன் அன்று காலையிலேயே சொல்லவில்லை என்று கேட்டேன்.

"மொதலாளி தொடாதேன்னு சொன்ன சாதனம் அது. காவல்காரர்கிட்டயும் சொல்ல வேண்டாம்னுட்டேன். பின்னே, ஏசி போட்டுத் தூங்கினியான்னு கேட்டாரு, இல்லைன்னேன். எங்க போனேன்னு நீங்க கேக்கலையே."

முப்பது வருடம் கேள்வி கேட்டுச் சம்பளம் வாங்கியவன் நான். சாயாவுக்குக் காசு கொடுத்துவிட்டு எழுந்தேன்.

அங்கிருந்து நேராகச் சாலைக் கடைத்தெருவுக்குப் போனேன். வியாபாரி கல்லாவுக்குப் பின்னால் இருந்தார். படத்தைக் காட்டினேன், நோட்டைக் காட்டினேன், நடந்ததையெல்லாம் சொல்லி, தப்பு என்னுடையது என்று சொன்னேன். அவர் எதையும் சரியாகப் பார்க்கவில்லை. "அந்த அம்மைக்கு இப்ப எப்படி இருக்காம்?" என்றுதான் முதலில் கேட்டார். நன்றாக இருப்பதாக டிரைவர் சொன்னதைச் சொன்னேன். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒரு ராத்திரி பூரா மெஷின ஓட்டியும் ஆறுதான் கொறஞ்சிருக்கு. சாமிகிட்ட இதைச் சொல்லும் வே" என்றார்.

நான் இருக்கும்போதே டிரைவருக்குப் போன் போட்டார். மன்னிப்பு என்ற சொல் அவருக்கு வராது. "லே, காலம்பற வண்டிய எடுக்க ஆளில்ல. வா" என்றார்.

டிரைவர் மறுநாள் வந்தார். அதற்குப் பிறகும் என்னை எங்கே பார்த்தாலும் வணக்கம் சொல்வார், கேட்டதற்கெல்லாம் பதில் சொல்வார். ஆனால் டயருக்குக் காற்று பார்த்த அன்று போல அவராக வந்து பக்கத்தில் உட்கார்ந்து எதையும் சொன்னதில்லை.

இப்போது அந்த வண்டிகள் இரண்டும் கரமனையில் இல்லை. வியாபாரி கடையை விட்டுவிட்டு மகனோடு பெங்களூர் போய்விட்டார். போவதற்கு முன் நீல வண்டியை விற்றுவிட்டார். போட்டிக்கு ஆள் இல்லாமல் அத்திம்பேரும் வெள்ளை வண்டியைக் கொடுத்துவிட்டார். முட்டி வலி என்று காலை நடையும் நின்றுபோயிற்று. ஞாயிற்றுக்கிழமை பெங்களூரிலிருந்து போன் வந்தால், எடுத்ததும் அத்திம்பேர் "என்ன ஓய், அங்கே பேட்டரி இருக்கா?" என்று கேட்கிறார். அந்தச் சண்டை இல்லாத காலை எங்கள் தெருவுக்கே அமைதியாக இருக்கிறது. எனக்கு அந்த அமைதி பழகவில்லை.

தீர்ப்பை நான் எழுதவே இல்லை. எழுதியிருந்தால் சிக்கனத்தில் வெள்ளை ஜெயித்தது, தூரத்தில் நீலம் ஜெயித்தது என்று அட்டவணை போட்டிருப்பேன். ஒரு பேட்டரி பெரிதாக இருப்பது எதற்கு என்ற வரிசை அதில் இருந்திருக்காது.

நோட்டு இன்னும் மேஜையில்தான் இருக்கிறது. அறுபத்தொன்றைச் சிவப்பு மையால் அடித்து அறுபத்திரண்டு என்று திருத்தியிருக்கிறேன். இப்போதும் எங்காவது ஒரு கணக்கில் ஒன்று கூடவோ குறையவோ இருந்தால் அதைத் தட்டிச் சரிசெய்யக் கை போகும். உடனே, மழையில் சாக்கைப் போட்டுக்கொண்டு யாரோ ஒருவர் அதற்குள் நின்றுகொண்டிருப்பதாகத் தோன்றிக் கையை எடுத்துவிடுகிறேன்.