மாரியம்மாள், கணவர் பெயர் தெரியாது

அரசாங்கப் பட்டியலில் ஆள் தேடுவதும் ஒரு பிழைப்புதான். கண் போகும், மரியாதை வராது. இதில் மாட்டிக்கொண்ட சகோதரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போங்கள்.

அப்போது சூலக்கரையில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தேன். வாக்காளர் பட்டியல் கம்ப்யூட்டரில் வந்த புதிது.

வயசு

பேச்சியம்மா விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தவள். வெடிமருந்து பற்றி வலது கை வெந்துபோனது. "இப்படி ஒரு ஆளே எங்களிடம் இல்லை" என்றது கம்பெனி. வருகைப் பதிவில் பெயர் ஏற்றவே இல்லை. கூட வேலை பார்த்தவள் ஒருத்தி வந்து சொன்னால்தான் நஷ்டஈட்டு வழக்கு நிற்கும். பக்கத்தில் உட்கார்ந்து திரி வைத்தவள் ஆமத்தூர் மாரியம்மா. அவ்வளவுதான் துப்பு.

மாரியம்மாவின் வயசைப் பேச்சியம்மாவிடம் கேட்டேன். "என் வயசுதான்" என்றாள். உன் வயசு என்ன என்றேன்.

"அதை ஓட்டு எழுத வந்த வாத்தியாரு என் மூஞ்சியப் பாத்துப் போட்டாரு. அவருகிட்டயே கேளுங்க அண்ணாச்சி."

காலிக் கட்டம்

கம்ப்யூட்டர் பட்டியலில் பெயரைப் போட்டால் அடுத்த கட்டம் கணவர் பெயர் கேட்கும். அதை விட்டுவிட்டுத் தட்டினால், மாவட்டத்து மாரியம்மாள்கள் அத்தனை பேரும் திரையில் வந்து நிற்பார்கள். எங்கள் பக்கம் அம்மன் பெயர் வைக்காத வீடு உண்டா?

"பக்கத்துல பக்கத்துல உக்காந்து திரி வச்சிருக்கீக. புருஷன் பேரு கூடவா தெரியாது?" என்று எரிந்து விழுந்தேன். பேச்சியம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எந்தப் பொம்பளை புருஷன் பேரை வாயால சொல்லுவா? அவ 'அவுக'ம்பா. நானும் 'அவுக'ம்பேன். வேணும்னா அதைப் போட்டுப் பாருங்க."

வடிகட்டல்

ஆபீசில் கம்ப்யூட்டர் கிடையாது. பஜாரில் காதர் பாய் நடத்திய நெட் சென்டர்தான் கதி. கரண்ட் இருந்தால் நெட் இருக்காது. ஊரைப் போட்டு வடித்தோம். பெண் என்று போட்டு வடித்தோம். மாரியம்மாளில் ஆண் ஏது, ஒருவரும் குறையவில்லை. வாத்தியார் போட்ட வயசுக்கு முன்னே பின்னே போட்டு வடித்தோம். கம்பெனி ஆட்கள் கிழக்குத் தெருவிலிருந்து வருவார்கள் என்று பேச்சியம்மாவுக்கு ஞாபகம் வந்தது. அதையும் போட்டோம்.

அப்போதும் தாள் நிறைய மாரியம்மாள். இன்னும் சுருக்குங்க பாய் என்றேன்.

"இதுக்கு மேல சுருக்கணும்னா ஊரைத்தான் சுருக்கணும் அண்ணாச்சி. பேசாம பஸ் ஏறுங்க."

கிழக்குத் தெரு

பேச்சியம்மாவோடு ஆமத்தூர் போனேன். தெரு முனையில் நின்று "மாரியம்மா" என்றேன். வீட்டுக்கு வீடு தலை நீண்டது. இது ஆகாது என்று தாளைப் பிரித்துக் கணவர் பெயர்களைச் சத்தமாக வாசித்தேன். "மாரியம்மாள், கணவர் குருசாமி. மாரியம்மாள், கணவர் சங்கிலி." பெண்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பக்கத்தில் வந்தாள்.

"எங்க வீட்டுக்காரவுக பேரை இம்புட்டுச் சத்தமா இன்னைக்குத்தான் கேக்கேன். இன்னொருக்கா வாசிங்க."

எந்த மாரியம்மா

அந்தக் கூட்டத்தில்தான் நம் ஆளும் இருந்தாள். பேச்சியம்மாவின் கையைப் பார்த்ததும் அவள் சிரிப்பு நின்றது. வெந்த விரல்களைப் பிடித்துக்கொண்டாள். சாட்சி சொல்ல வா என்றதும் கையை விட்டாள். "நான் வந்து சொன்னா நாளைக்கு என்னை உள்ள விடுவாகளா?"

'இன்னொருக்கா வாசிங்க' என்றவள்தான் வாயைத் திறந்தாள். அவளும், பக்கத்தில் நின்ற பல பேரும் அதே கம்பெனிதான். பேச்சியம்மா பக்கத்து ஷெட்டில் வேலை பார்த்ததைக் கண்ணால் கண்டவர்கள்.

"நீ மட்டும் ஏன்டி போற? எல்லா மாரியம்மாவும் போவோம். தீவாளி சீசன் நேரத்துல எந்த மாரியம்மாவ நிப்பாட்டுவான், பாப்போம்."

வாய்தா

கோர்ட்டுக்கு எல்லோரும் வந்தார்கள். வராந்தாவில் இடமில்லை. 'மாரியம்மாள்' என்று கூப்பிட்டதும் மொத்தமாக எழுந்து நின்றார்கள். கம்பெனி ஆள் எட்டிப் பார்த்தான், போனில் யாரிடமோ பேசினான், வியர்த்தான். மதியத்துக்குள் பேச்சியம்மா தங்களிடம் வேலை பார்த்தவள்தான் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பேச்சியம்மா இடது கையால் கண்ணைத் துடைத்தாள். எங்கள் வக்கீல் என் காதோரம் குனிந்தார்.

"நான் ஒரு சாட்சிதானய்யா கேட்டேன்."

தேடுகிறவனுக்குத் தலைவலி கொடுத்த அதே பெயர், கம்பெனிக்காரனுக்குக் காய்ச்சலையே கொடுத்துவிட்டது.